பசித்தோரைத் தேடிச் சென்ற பனிவெளி வீரர்

பசித்து நிற்பவனைப் பார்த்து, நீ எந்தக் கட்சி என்று கேட்கலாமா? சிறைக்கோட்டத்துள் புகுந்த மணிமேகலை, அங்கே அடைபட்டுக் கிடந்தோரின் குற்றம் யாது என்று வினவவில்லை. பசியைக் கண்டாள், உணவிட்டாள். அது காப்பியம். ஆனால், இருபதாம் நூற்றாண்டின் அரசுகள் பல அக்கேள்வியைக் கேட்கவே செய்தன. அது கேட்கத் தகாத கேள்வி என்று அவற்றின் முன் நின்று வாதாடியவர் நார்வே நாட்டு அறிஞர் பிரிட்யாஃப் நான்சென்.

நான்சென் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ என வழங்கும் நகருக்கு அருகே, ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். விலங்கியல் பயின்று, நரம்பு மண்டலத்தை ஆராய்ந்து, முனைவர் பட்டம் பெற்றார். 1888இல் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தின் பனிவெளியைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். 1893இல் ‘ஃபிராம்’ என்னும் கப்பலில் வடதுருவம் நோக்கிச் சென்றார். 1895இல் கப்பலை விட்டிறங்கி, ஒரே ஒரு தோழருடன் பனியில் நடந்து, வடக்கே 86 பாகை 14 கலை வரை எட்டினார். அதுவரை எவரும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. திரும்பும் வழியில், கற்களை அடுக்கிக் கட்டிய சிறு குடிலில், கரடி இறைச்சியை உண்டு நீண்ட குளிர்காலத்தைக் கழித்தனர். குளிர் இன்னதென்று அவருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல் சர்வதேச சங்கம் போர்க்கைதிகளை வீடு சேர்க்கும் பொறுப்பை இவரிடம் அளித்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவர் முயற்சியால் தாயகம் திரும்பினர். அப்பணி முடியும் முன்பே அதனினும் பெரிய பணி இவரை அழைத்தது.

உலகப் போர், 1917ஆம் ஆண்டுப் புரட்சி, அதன்பின் உள்நாட்டுப் போர் என்று ரஷ்யா அடுத்தடுத்து அல்லற்பட்டது. உழவரின் தானியம் வலிந்து பறிக்கப்பட்டது, விதைப்பு குறைந்தது. இந்நிலையில் வானமும் பொய்த்தது. 1921இல் வால்கா ஆற்றுப் பகுதியில் கொடும் பஞ்சம் எழுந்தது. பேன்கள் வழியே பரவும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. செஞ்சிலுவைச் சங்கத்தாரின் வேண்டுகோளை ஏற்ற நான்சென், ஆகஸ்டு 27ஆம் நாள் மாஸ்கோவில் சோவியத் அரசுடன் நிவாரண ஒப்பந்தம் செய்துகொண்டார்.

செப்டம்பர் இறுதியில் ஜெனிவாவில், சர்வதேச சங்கத்தின் முன் அவர் ஐம்பது இலட்சம் பவுன் கடன் கேட்டார். ஒரு போர்க்கப்பலின் விலையில் அது பாதிதான் என்று சுட்டிக் காட்டினார். அமெரிக்காவில் தானியம் மிகுந்து கிடக்கிறது. கப்பல்கள் வேலையின்றி நிற்கின்றன. இவற்றை இணைக்க மனம்தான் வேண்டும் என்று மன்றாடினார். சோறிட்டால் சோவியத் அரசு வலுப்பெறும் என்று அஞ்சினர் எதிர்த்தோர். ஓர் அரசு வலுப்பெறக் கூடாது என்பதற்காக இரண்டு கோடி மக்களைச் சாகவிடுவதா என்று கேட்டார் நான்சென். கடன் மறுக்கப்பட்டது.

அவர் சோர்ந்துவிடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் தாமே வால்காப் பகுதிக்குச் சென்றார். அவர் குழுவில் இருந்த ஆங்கில மருத்துவர் ஒருவர் டைஃபசுக்கே பலியானார். நான்சென் நிழற்படங்களுடனும் திரைப்படத்துடனும் திரும்பி, நாடு நாடாகச் சென்று பேசினார். அரசுகள் தர மறுத்ததைப் பொதுமக்களிடம் கேட்டார். மக்கள் தந்தனர். ரொட்டியோடு மருந்தும் துணியும் சென்றன. சிதைந்த இருப்புப்பாதைகளில் வண்டிகள் ஊர்ந்தன. சாரத்தோவ் பகுதியில் குழந்தைகளுக்கென உணவுக்கூடங்கள் எழுந்தன. குழந்தைகள் அங்கேயே அமர்ந்து உண்ண வேண்டும் என்பது விதி. வீட்டிற்கு எடுத்துச் சென்றால், பசித்த பெரியவர்களின் கை நீளும் அல்லவா? கொடிய விதிதான். ஆனால் இருந்தது அனைவருக்கும் போதாதபோது, குழந்தையை முதலில் காப்பது என்று முடிவு செய்தனர். இவர்களினும் பெரிய அளவில் அமெரிக்க நிவாரண அமைப்பு 1922இல் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பேருக்கும் மேல் உணவளித்தது. இருந்தும் அப்பஞ்சத்தில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் மாண்டனர்.

நான்சென் மீது குறை கூறியோரும் உண்டு. உணவு வழங்கும் பொறுப்பில் சோவியத் அரசுக்கு அவர் மிகுந்த இடம் கொடுத்துவிட்டார் என்றனர். பஞ்சம் முற்றும் தீரும் முன்பே, 1922இன் பிற்பகுதியில், அவ்வரசு தானிய ஏற்றுமதியில் இறங்கியபோது அக்குறை இன்னும் ஓங்கி ஒலித்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், ஆள்வோர் செய்த பிழைக்கு அழும் குழந்தையைத் தண்டிக்கலாகாது என்பதே அவர் கொண்ட நெறி.

1922இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது. அத்தொகையையும் நிவாரணப் பணிக்கே ஈந்தார். நாடற்ற அகதிகளுக்கென அவர் ஏற்படுத்திய ‘நான்சென் கடவுச்சீட்டு’ இலட்சக்கணக்கானோருக்கு வாழ வழி தந்தது. 1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! உள்நாட்டுப் போர் மூளும் நாடுகளில் இன்றும் உணவு வண்டிகள் சாவடிகளில் தடுக்கப்படுகின்றன. உண்போர் எந்தப் பக்கத்தவர் என்ற பழைய கேள்வியே அங்கும் எழுகிறது. 1921இல் அதற்கு விடை சொன்ன நான்சென் வாக்கெடுப்பில் தோற்றார். ஆனால் அன்று பிழைத்த குழந்தைகளின் கணக்கில் அவர் தோற்கவில்லை. எந்தக் கணக்கை நாம் பெரிதெனக் கொள்ளப் போகிறோம்?