கைதிக்கு விடுதலை தந்த குத்து

சயாம் நாட்டின் தலைநகரம் அயூத்தியா. 1767-ல் பர்மா படை அதைப் பிடித்துத் தீ வைத்தது. ஆயிரக்கணக்கானோர் கைதிகளானார்கள். அவர்களில் ஒருவன்தான் குத்துச்சண்டை வீரன் கனோம் தோம் என்று தாய்லாந்து மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவன் கதை இது:

1774-ம் ஆண்டு. ரங்கூன் புத்தர் கோவிலில் பெருவிழா. பர்மா மன்னன் முன் களத்தில் இறக்கப்பட்டான் கனோம் தோம். முதலில் ஆசானை வணங்கிச் சுற்றிச் சுற்றி ஆடினான். மாயமோ, மந்திரமோ என்று கூட்டம் மிரண்டது. பிறகு முழங்கையும் முழங்காலும் பாய்ந்தன. ஒன்பது, பத்து வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்தனர். மன்னன் வியந்து விடுதலை அளித்தான்.

மார்ச் 17-ந்தேதி அவன் நினைவு நாள். அவன் கலையின் இன்றைய பெயர் முவாய்தாய். 2017-ல் போலந்தில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் அதற்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆசானை வணங்கும் ஆட்டத்தை முவாய்தாய் வீரர்கள் இன்றும் விடவில்லை.