படிப்பை விட்டவர்களைத் தேடிச் சென்ற புனித தொன் போஸ்கோ

நம் பங்கின் விழா மலரில் எழுதத் தகுந்த புனிதர்கள் பலர் உண்டு. ஆயினும், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளையும், வேலையுமின்றி நிற்கும் பிள்ளைகளையும் எண்ணும்போது, புனித தொன் போஸ்கோவின் வாழ்வே நம் நினைவுக்கு வருகிறது. அவரை இளைஞர்களின் தந்தை என்று போற்றுகிறோம். அவரே படிப்புத் தடைப்பட்ட சிறுவனாய் இருந்தார் என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

இத்தாலியின் வடமேற்கே, பியேமோந்து நாட்டுப்புறத்தில், பெக்கி என்னும் சிற்றூரில் 1815 ஆகஸ்டு 16-ஆம் நாள் ஏழை உழவர் குடும்பத்தில் யோவான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். தாய் மர்கரீத்தா அம்மாள் அரும்பாடுபட்டுக் குடும்பத்தைக் காத்தார். யோவானுக்குப் படிப்பில் தீராத ஆசை. ஆனால் மூத்த தாரத்து அண்ணன் அந்தோணிக்கு அது பிடிக்கவில்லை. நிலத்தில் உழைக்க வேண்டிய கைகளுக்குப் புத்தகம் எதற்கு என்பது அவருடைய எண்ணம். சச்சரவு முற்றவே, 1828-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பன்னிரண்டு வயது மகனை வேறு வழியின்றித் தாய் வெளியே அனுப்பினார். மொல்யா என்பவரின் பண்ணையில் ஏறக்குறைய இரண்டாண்டு காலம் யோவான் வேலை செய்தார்.

1829-இல் கலோசோ என்னும் முதிய குருவானவர் அவருக்குக் கற்பிக்க முன்வந்தார். மறு ஆண்டே அவர் இறந்துபோனார். கிடைத்த வழியும் அடைபட்டது. யோவான் தளரவில்லை. 1831-இல் கியேரி நகர்ப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினாறு. மிகச் சிறிய பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. வெட்கம் பாராமல் உட்கார்ந்தார். ஓராண்டுக்குள்ளாகவே ஆசிரியர்கள் அவரை மேல் வகுப்புகளுக்கு ஏற்றினார்கள். காப்பிக் கடையில் வேலை செய்துகொண்டே படித்ததும் உண்டு. இவ்வாறு படித்து, 1841 ஜூன் 5-ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் துரின் நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கொத்து வேலைக்கும் எடுபிடி வேலைக்கும் வந்து குவிந்தார்கள். எழுத்தும் தெரியாது, கேட்பாரும் இல்லை. அவர்களில் பலர் சிறையில் கிடப்பதைக் கண்ட இளங்குருவின் நெஞ்சம் துடித்தது. சிறைக்கு வருமுன்னே இவர்களை அரவணைக்க ஒருவர் இருந்திருந்தால் என்று எண்ணினார்.

1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். அசிசியார் கோவிலின் சக்கிறீஸ்தில் நின்ற பர்த்தலோமேயு கரெல்லி என்னும் அனாதைச் சிறுவனைக் கோவிற்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். அவனுக்கும் வயது பதினாறு. எழுதப் படிக்கத் தெரியாது. ஞானோபதேசத்துக்கு ஏன் போகவில்லை என்று விசாரித்தபோது, தன்னிலும் சிறியவர்கள் எல்லாம் பதில் சொல்ல, வளர்ந்த தான் ஒன்றும் தெரியாமல் உட்கார வெட்கமாயிருக்கிறது என்றான். அந்த வெட்கத்தைத் தாமே பதினாறு வயதில் அறிந்தவர் அல்லவா தொன் போஸ்கோ! தனியே சொல்லிக் கொடுத்தால் வருவாயா என்று கேட்டார். அன்றே பாடம் தொடங்கியது. அடுத்து வந்த ஞாயிறுகளில் பிள்ளைகள் பெருகினார்கள்.

பகலெல்லாம் உழைக்கும் பிள்ளையால் பகற்பள்ளிக்கு வர இயலாது. ஆகவே 1845-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாலை வகுப்புகள் தொடங்கின. 1846-இல் வால்தோக்கோவில் நிலையான இடம் கிடைத்தது. எழுத்தும் வாசிப்பும் கணக்கும் அங்கே கற்பித்தார்கள். புதிய மெட்ரிக் அளவைகள் நாட்டில் கட்டாயமாக்கப்படவிருந்த வேளையில், தொழிலாளிகளுக்கும் விளங்கும்படி அதைப் பற்றி 1849-இல் சிறு நூலே எழுதினார். பிள்ளையின் பிழைப்புக்கு எது உதவுமோ அதையே பாடமாக்கினார்.

வேலைக்குச் சென்ற பிள்ளைகளையும் அவர் கைவிடவில்லை. முதலாளிகளோடு எழுத்து மூலம் உடன்படிக்கை செய்துகொண்டார். தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும், தவறினால் அடிக்காமல் சொல்லித் திருத்த வேண்டும், ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு தரவேண்டும் என்பன அதில் இருந்தன. 1853 முதல் தம் இல்லத்திலேயே செருப்புத் தைத்தல், தையல், பின்னர் புத்தகக் கட்டு, தச்சு, அச்சு வேலை ஆகியவற்றுக்குப் பட்டறைகள் அமைத்தார்.

1857-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கார்மனோலா இரயில் நிலையத்தில் கூச்சலிட்டு விளையாடிய சிறுவர் கூட்டத்தின் தலைவன் மிக்கேல் மகோனே. தந்தை இல்லை. குறும்பு காரணமாகப் பள்ளியிலிருந்து பலமுறை வெளியேற்றப்பட்டவன். இரயிலுக்குக் காத்திருந்த சில நிமிடங்களில் தொன் போஸ்கோ அவனோடு பேசி நட்புக் கொண்டார். ஊர்த் துணைப் பங்குக்குருவிடம் விசாரித்து, துரினுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தார். ஊரார் அடங்காப் பிள்ளை என்று கண்ட இடத்தில் அவர் நல்லுள்ளத்தைக் கண்டார். மகோனே 1859-இல் நோயால் இறந்தபின், அவனுடைய வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்.

தண்டித்துத் திருத்துவதைவிடத் தவறு நேராமல் காப்பதே மேல் என்பது அவருடைய முறை. அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றே அதன் தூண்கள் என்று 1877-இல் எழுதி வைத்தார். 1888 ஜனவரி 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அவருடைய சலேசிய சபைத் துறவிகள் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்து நம் நாட்டிலும் பணியைத் தொடங்கினார்கள்.

அன்பார்ந்த பங்கு மக்களே! பத்தாம் வகுப்பில் தவறியபின் தெருவில் நம்மைக் கண்டால் தலைகுனிந்து ஒதுங்கும் பிள்ளை நம் தெருவிலும் உண்டு. அப்பிள்ளையைத் தடுப்பது வறுமை மட்டுமன்று; வெட்கமும்தான். ஏன் படிக்கவில்லை என்று கடிந்து கேட்பதால் பயனில்லை. பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, மறுபடி எழுதத் துணைத்தேர்வு உண்டு என்று சொல்லி, மாலையில் ஒரு மணி நேரம் பாடம் சொல்லித்தர நம்மில் படித்தவர்கள் முன்வரலாம். பங்கு மன்றத்தில் விளக்கும் மேசையும் இருக்கின்றன. விழா முடிந்து தோரணங்களை அவிழ்த்தபின் அவ்விளக்கை ஏற்றுவோம். பதினாறு வயதில் சிறுவரோடு உட்கார்ந்து படித்த அப்புனிதர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.