இமைப்பொழுதை அளந்தவர்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ரந்தாவ், பகாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் நடந்து பழகியவர்களுக்குத் தொட்டாற்சிணுங்கியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரப்பர் நிரைகளுக்கு நடுவிலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையோரத்திலும் அது படர்ந்து கிடக்கும். மலாய்க்காரர்கள் அதைச் செமாலு என்பார்கள். காலில் முள் குத்தும்போது பெரியவர்கள் திட்டும் செடி அது. சிறுவர்களுக்கோ விளையாட்டுப் பொருள். விரல் பட்டதும் இலை மூடிக்கொள்கிறது. தொட்ட அதே கணத்தில் மூடுவதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால், தொடுவதற்கும் இலை அசையத் தொடங்குவதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் துல்லியமாக அளந்து காட்டியவர் ஜகதீஸ் சந்திர போஸ்.

போஸ் 1858 நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காளதேசத்தில் இருக்கிறது. அவருடைய தந்தை பகவான் சந்திர போஸ் அரசு உயர் அதிகாரி. அக்காலத்தில் அப்படிப்பட்டவர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே வழக்கம். அவரோ மகனை வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே தந்தையின் பணியாளர் மகனும் ஒரு மீனவர் மகனும் சிறுவன் போசுக்கு அருகில் அமர்ந்து படித்தார்கள். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மீது தமக்கு ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தமிழ்ப்பள்ளியில் படிப்பைத் தொடங்கிய நம்மில் பலருக்கு இது வியப்பாக இராது.

கல்கத்தாவில் கல்லூரிப் படிப்பை முடித்தபின், 1880-இல் மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவால் அதைத் தொடர முடியவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி அறிவியல் பயின்றார். 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் பணி கிடைத்தது. ஆனால், இந்தியர் என்பதால் ஆங்கிலேயர்களைவிடக் குறைந்த ஊதியமே தருவதாகச் சொன்னார்கள். போஸ் சண்டையிடவில்லை, பணியை விடவும் இல்லை. மூன்றாண்டுகள் ஒரு காசும் வாங்காமல் பாடம் நடத்தினார். இதற்கிடையே 1887-இல் அபலா தாசை மணந்தார். அபலா சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். குடும்பத்துக்குக் கடன் இருந்த காலம் அது. இறுதியில் கல்லூரி இறங்கிவந்து முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கியது. அத்தொகையைக் கொண்டு போஸ் தந்தையின் கடனை அடைத்தார்.

அவருடைய முதல் ஆய்வு கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகளைப் பற்றியது. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பி எதுவும் இல்லாமல், சுவர்களுக்கு அப்பாலிருந்து ஒரு மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அவர் உருவாக்கிய அலைகளில் மிகக் குறுகியவற்றின் நீளம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். அத்தகைய அலை ஒரு விநாடிக்குள் ஏறக்குறைய 60 பில்லியன் முறை, அதாவது 6,000 கோடி முறை அதிர்கிறது. ஓர் அதிர்வுக்கு ஆகும் நேரம் நம் கற்பனைக்கே எட்டாது.

இவ்வளவு சிறிய காலத்தோடு பழகியவர் திடீரெனச் செடிகளின் பக்கம் திரும்பியது பலருக்கு விளங்கவில்லை. உயிரினங்களைப் போலவே தாவரங்களும் தூண்டப்பட்டால் மின்மாற்றம் காட்டுகின்றன என்று 1901-இல் இலண்டன் அரச கழகத்தில் விளக்கினார். புகழ்பெற்ற உடலியல் அறிஞர் பர்டன் சாண்டர்சன் அதை ஏற்கவில்லை. ஈ பிடிக்கும் செடியொன்றில் மின்மாற்றத்தைக் கண்டவரே அவர். ஆயினும், சாதாரணச் செடிகளுக்கும் அது உண்டு என்பதை அவரால் ஒப்ப முடியவில்லை. போசின் கட்டுரை அச்சேறாமல் நின்றது. இனிச் சொல்லிப் பயனில்லை, செடியே தன் கணக்கை எழுதிக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது.

எழுதுவது எப்படி? நம் இலக்கணம் மிகச் சிறிய காலத்தைக் கண்ணாலும் விரலாலும் அளந்தது. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியத்தில் படித்திருக்கிறோம். தொட்டாற்சிணுங்கியின் இடைவெளி அதைவிடக் குறைவு. இலையில் ஓர் எழுதுகோலைக் கட்டிக் கோடு இழுக்கச் செய்யலாம் என்றால், மெல்லிய இலையால் அந்த உராய்வைக்கூடத் தாங்க முடியாது.

போஸ் கண்ட வழி எளிமையானது, அதனாலேயே அழகானது. இலையை ஒரு மெல்லிய நூலால் இலேசான நெம்புகோலோடு இணைத்தார். நெம்புகோலின் முனையில் நுண்ணிய எஃகுக் கம்பி. வீணை நரம்பைச் சுருதி கூட்டுவதுபோல், அக்கம்பி விநாடிக்குக் குறிப்பிட்ட தடவை, எடுத்துக்காட்டாக 100 தடவை, அதிருமாறு அமைத்தார். எதிரே புகை படிந்த கண்ணாடித் தகடு நகர்ந்துகொண்டிருக்கும். கம்பி அதைத் தொட்டுத் தொட்டு விலகிப் புள்ளிகளை இடும். தொடர்ந்து உரசாததால் உராய்வுத் தொல்லை தீர்ந்தது. அதோடு, ஒவ்வொரு புள்ளியும் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கைக் குறித்தது. செடிக்குச் சிறு மின்னதிர்ச்சி கொடுத்த கணத்திலிருந்து புள்ளி வரிசை வளையத் தொடங்கும் வரை எண்ணினால் போதும், விடை கிடைத்துவிடும். இந்நுட்பக் கருவிகளைக் கல்கத்தாவின் உள்ளூர்க் கைவினைஞர்களைக் கொண்டே செய்வித்தார்.

நல்ல நிலையில் உள்ள செடிக்கு அந்த இடைவெளி விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. திடீர் ஒலி கேட்டு நாம் கையை அசைக்கவே அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும்! அடுத்தடுத்துத் தூண்டினால் செடி களைத்துப்போய் மெதுவாக விடையளித்தது. பின்னர் விடையளிக்கவே மறுத்தது. ஓய்வு கொடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. குளிரூட்டினால் செய்தி தாமதித்தது. மயக்கமருந்து கொடுத்தால் நின்றது.

இலை விழுவது நீரின் வேலை. காம்பின் அடியில் உள்ள சிறு புடைப்பில் நீரால் விறைத்த செல்கள் இலையைத் தாங்கி நிற்கின்றன. அவற்றிலிருந்து நீர் வெளியேறியதும் காம்பு தொய்கிறது. ரப்பர் மரத்திலும் இத்தகைய உள்ளழுத்தமே பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறினால் அழுத்தம் குறையும், பாலும் குறையும்; நம் பாட்டன் பாட்டிமார் விடியும் முன்பே பால்மரம் வெட்டப் போனதற்குக் காரணம் அதுதான். எனவே, செய்தியைக் கொண்டுசெல்வதும் நீரழுத்தமே என்று ஐரோப்பிய அறிஞர் பலர் கருதினர். அப்படியானால் குளிரும் மயக்கமருந்தும் அதை ஏன் தடுக்க வேண்டும் என்பது போசின் கேள்வி. நரம்பில் ஓடுவது போன்ற மின்துடிப்பே செடியிலும் ஓடுகிறது என்றார் அவர். 1914-இல் செடிகளையே கப்பலில் ஏற்றிச் சென்று ஐரோப்பிய அறிஞர்கள்முன் செய்து காட்டினார்.

1917-இல் கல்கத்தாவில் தம் பெயரில் ஆய்வுக்கழகம் ஒன்றை நிறுவினார். முன்பு கட்டுரையை நிறுத்திவைத்த அரச கழகம் 1920-இல் அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ஆம் நாள், 79-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் காலமானார்.

அவர் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. செடியின் செல்கள் இதயம்போல் துடித்து நீரை மேலேற்றுகின்றன என்ற கருத்தை இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. தொட்டாற்சிணுங்கியில் மின்துடிப்பு ஓடுகிறது என்பது மட்டும் இன்று பாடநூல் செய்தி. 2022-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அத்துடிப்போடு கால்சியம் அலையும் சேர்ந்து ஓடுவதைப் படம்பிடித்தார்கள். இலை மூட முடியாதபடி மாற்றப்பட்ட செடிகளையும் வளர்த்துப் பார்த்தார்கள். வெட்டுக்கிளிகள் அந்தச் செடிகளைத்தான் அதிகமாகத் தின்றன.