அருவியில் ஒளி கண்ட விமலசுரேந்திர

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, அருவியுமில்லை. சுண்ணாம்புக் கல்லினிடையே தேங்கும் நிலத்தடி நீரே எமது தோட்டங்களின் உயிர். முன்னோர் துலா மிதித்து இறைத்த அந்நீரை இன்று மின்மோட்டார்கள் இறைக்கின்றன. மலைநாட்டில் கீழே வீழும் நீர், மின்சாரமாகி வந்து, எமது கிணற்று நீரை மேலே தூக்குகிறது. இதற்கு வழி கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874இல் காலியில் கைவினைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், பொதுவேலைத் திணைக்களத்தில் சேர்ந்தார். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சிகளில் பிறர் அழகைக் கண்டனர்; அவர் ஆற்றலைக் கண்டார். வீழும் நீர் சுழலியைச் சுழற்ற, அதனோடிணைந்த மின்பிறப்பாக்கி மின்சாரம் தரும். மோட்டாரிலோ இது தலைகீழாக நிகழ்கிறது. மின்சாரம் மீண்டும் சுழற்சியாகிறது. எனவேதான், விளக்குக்கு மட்டுமன்றி ரயிலுக்கும் தொழிலுக்கும் நீர்மின்சாரம் உதவுமென அவர் கருதினார்.

1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் இத்திட்டத்தைக் கணக்குகளோடு முன்வைத்தார். ஆட்சியாளர் அதற்கு உரிய மதிப்பளிக்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலைகளும் இடைநின்றன. மனந்தளராத அவர், 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் இதற்காகவே வாதாடினார். லக்ஷபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. 1953இல் காலமானார். நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

அந்த மின்சாரத்தின் அருமையை, அதை இழந்து அறிந்தவர்கள் நாம். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அதே 1990இல், போரினால் குடாநாடும் இருளில் மூழ்கியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. அருவி செய்த வேலையை அன்று எமது கால்கள் செய்தன. தேசிய மின்வலையமைப்புடன் நாம் மீண்டும் இணைய 2013 வரை காத்திருக்க நேர்ந்தது.

எமக்கு அருவியில்லை, ஆனால் வெயிலும் காற்றும் உண்டு. பளையில் 2014 முதல் காற்றாலைகள் சுழல்கின்றன. இம்மண்ணின் ஆற்றலை அறிந்து பேசும் இளம் பொறியியலாளர் எச்சமூகத்தவராயினும், அவர் சொல்லுக்கு இன்றே செவிசாய்க்க வேண்டும். விமலசுரேந்திரவின் கணக்குச் செயலாக 32 ஆண்டுகள் சென்றன. அத்தகைய தாமதத்தை இந்நாடு இன்னொரு முறை தாங்காது.