வேர்ச்சொல் தேடிய எல்லீசன்

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெருக்களில் தமிழ் மட்டும் ஒலிப்பதில்லை. சாலியர் வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். தேவாங்கர்களில் கன்னடம் பேசுவோரும் உண்டு. தமிழர் 'போ' என்றால் தெலுங்கரும் 'போ' என்பார். கன்னடத்தில் அது 'ஹோகு'. தமிழில் 'பாடு', தெலுங்கிலும் 'பாடு', கன்னடத்தில் 'ஹாடு'. பகரம் அங்கே ஹகரமாகிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த ஒற்றுமை எப்படி வந்தது? ஆதாரத்தோடு விடை சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ். தமிழில் எல்லீசன்.

1777இல் பிறந்த அவர், 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1810இல் சென்னைக் கலெக்டரானார். கலெக்டர் வேலையே ஒருவருக்குப் போதாதா? எல்லீசனுக்குப் போதவில்லை. பண்டிதர்களிடம் தமிழும் வடமொழியும் கற்றார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதினார். 1812இல் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைய முன்னின்றார்.

அப்போது கல்கத்தாப் பக்கத்து அறிஞர்கள், இந்திய மொழிகள் எல்லாம் வடமொழியின் பிள்ளைகள் என்று நம்பினர். 1786இல் வில்லியம் ஜோன்ஸ், வடமொழி, கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று கூறியிருந்தார். வடமொழியில் 'அஸ்தி', லத்தீனில் 'எஸ்ட்', ஆங்கிலத்தில் 'இஸ்'. மூன்றும் 'இருக்கிறது' என்னும் ஒரே வினைதான்.

எல்லீசனும் வினையைத்தான் பிடித்துக்கொண்டார். பெயர்ச்சொல்லைக் கடன் வாங்கலாம். வினையின் வேரை அவ்வளவு எளிதில் வாங்க முடியாதே! பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ச்சொற்கள் கைகொடுத்தன. அவற்றை வடமொழி வேர்களோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை. தமிழ், கன்னட வேர்களோடு ஒப்பிட்டார். பொருந்தின!

1816இல் கேம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில் இதை எழுதினார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் பிரான்ஸ் பாப், வடமொழி வினைத் திரிபுகளைக் கிரேக்கம், லத்தீன் முதலியவற்றோடு ஒப்பிட்டு நூல் வெளியிட்டார். பாப் உலகப் புகழ் பெற்றார். எல்லீசன்?

நாற்பது வயது வரை பெரிய நூல் எதையும் வெளியிடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தாராம். 1818இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டைக் கிணற்றுக் கல்வெட்டில் குறளைப் பொறித்தார். தொண்டை மண்டல மிராசு உரிமை பற்றிய அவரது விளக்கமும் அந்த ஆண்டே வெளியாயிற்று. 1819 மார்ச்சில், ராமநாதபுரத்தில், தவறுதலாக நஞ்சை உட்கொண்டு இறந்தார்.

வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது. மதுரையில் கிடந்த அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் அடுப்பு மூட்டப் பயன்படுத்தினாராம்.

1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடியிருந்தன.