அஸ்ஸஹ்ராவி கைவிட்ட சத்திரசிகிச்சை

தூர இடங்களிலிருந்து பஸ்ஸில் வந்து புறக்கோட்டையில் இறங்கி, கைக்குழந்தையுடன் பொரளைச் சிறுவர் வைத்தியசாலைக்குச் செல்லும் தாய்மாருள், தலையில் நீர் தேங்கிய குழந்தைகளின் தாய்மாரும் உளர். இந்நோய் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்த ஒருவரை நாம் இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்த ஸ்பெயினில், குர்துபாவுக்கு அண்மையிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936 ஆம் ஆண்டளவில் பிறந்தார். 1013 அளவில் அவர் மறையுமுன்னரே உள்நாட்டுப் போரில் அந்நகர் பாழாயிற்று. எஞ்சியது 'அத்தஸ்ரீப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட மருத்துவ நூல். சத்திரசிகிச்சை பற்றிய இறுதிப் பாகத்தில் ஏறத்தாழ 200 கருவிகளின் படங்கள் உள்ளன. 12 ஆம் நூற்றாண்டில் கிறெமோனா ஜெராட் அதனை லத்தீனில் பெயர்த்த பின்னர் ஐரோப்பிய வைத்தியர்களும் அதைப் பயின்றனர்.

மேடைகளில் எம்மவர் பெருமையுடன் பேசுவது அக்கருவிகளையே. எமக்கோ, அவர் தோல்விகளை மறைக்காமையே பெரிதாகப் படுகின்றது. கழுத்துக் கட்டியை அறுக்கப்போய் இரத்தக் குழாயை வெட்டிப் பெண்ணொருத்தியைக் கொன்ற அறிவிலி வைத்தியனைப் பற்றி அப்பாகத்தின் முன்னுரையிலேயே எழுதினார்.

சிசுக்களின் தலையில் நீர் சேர்வதற்கு மருத்துவிச்சியின் முரட்டுக் கையைக் காரணமாகக் கருதினார்; அறியாக் காரணமும் இருக்கலாமென்றார். பிறவிக் குறைபாடு, மூளைத் தொற்று, குறைமாதக் குழந்தையின் மூளையில் ஏற்படும் இரத்தக்கசிவு என்பன இன்று அறியப்பட்ட காரணங்கள். எங்கு கீறி நீரை வெளியேற்றுவதென விவரித்த அவர், தாம் கண்ட குழந்தைகள் யாவரும் இறந்தமையால் அச்சிகிச்சையைத் தாம் தவிர்த்ததாகவும் பதிவு செய்தார். தலையின் பாரத்தால் நிமிர்ந்து உட்காரவியலாது மாண்ட ஒரு பாலகனையும் அவர் மறக்கவில்லை.

1949 இல் அமெரிக்காவில் நல்சன், ஸ்பிட்ஸ் ஆகியோர் வால்வுடன் கூடிய குழாயைப் பொருத்திய பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. இன்று மூளையிலிருந்து வயிற்றறைக்குத் தோலின் கீழாகக் குழாய் செலுத்தப்படுகின்றது. அது அடைபடுவதும் தொற்றுறுவதும் அடிக்கடி நேர்பவை. மிக அரிதாக, குழாயின் நுனி குடலைத் துளைத்து மலவாயில் வெளிப்படும், விதைப்பைக்குள் இறங்குவதுமுண்டு. கண்டு பதறும் தாய் அதை இழுத்தல் ஆகாது. குழந்தையை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஓயாத வாந்தி, மிகுந்த தூக்கம், காய்ச்சல், புடைத்த உச்சிக்குழி ஆகியவற்றுக்கும் இதுவே விதி. எந்த வைத்தியசாலையாயினும், வீடு திரும்புமுன் இவற்றைத் தாய்க்கு விளங்கும் மொழியில் கூறி, எழுதியும் கொடுக்க வேண்டும்.