சான்டா கிளாஸுக்குப் பெயர் கொடுத்தவர்: யார் இந்த நிக்கோலஸ்?

4-ம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருந்த மைரா நகரின் ஆயர் நிக்கோலஸ். அவரைப் பற்றிய மரபுக் கதை இது.

பெற்றோரை இழந்த அவருக்குச் சொத்து நிறைய வந்தது. அதே ஊரில் நொடித்துப்போன ஒருவர், வரதட்சணைக்கு வழியின்றி மூன்று மகள்களையும் பாலியல் தொழிலில் தள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். ராத்திரியில் ஜன்னல் வழியே பொற்காசுப் பையைப் போட்டுவிட்டுப் போனார் நிக்கோலஸ். மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தது. பிறகு அடுத்தவளுக்கும் ஒரு பை. மூன்றாவது முறை கையும் களவுமாகப் பிடித்துவிட்ட தந்தையிடம், உயிரோடு இருக்கும்வரை இதை வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம்.

கைம்மாறு எதிர்பார்க்காமல் கடவுள் தந்த பரிசே இயேசு என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. கிறிஸ்துமஸ் பரிசின் அர்த்தமும் அதுதான்: திருப்பித் தர முடியாதவருக்கும் கொடுப்பது.

டச்சுக்காரர்களின் சின்டர்கிளாஸ், அமெரிக்காவில் சான்டா கிளாஸ் ஆனார். பெயரை மறைக்கச் சொன்னவரின் பெயர்தான் இன்று உலகமெங்கும்!